வீட்டில் பேசாத கண்டக்டர்

என் அண்ணன் அன்று தலையாட்டியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஹட்டனில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியின் அதிபர் அறை அது. அண்ணி கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்து இழுத்து விட்டபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஐந்து வயதுகூட நிறையாத மகள். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஏதோ ஆங்கிலம் தெரியும் என்று நம்பி, அண்ணன் என்னையும் கூட்டிப் போயிருந்தார். அதிபரான பெரிய மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வருகிற பெற்றோரிடம் எல்லாம் சொல்வதை எங்களிடமும் சொன்னார். "பிள்ளை கெட்டிக்காரிதான், எடுக்கிறம். ஆனா ஒண்டு. வீட்டிலயும் இங்கிலீஷிலதான் கதைக்க வேணும். நீங்கள் அங்க தமிழில கதைச்சுப் பழக்கினா, நாங்கள் இஞ்ச படிப்பிக்கிறது எல்லாம் வீணாப் போயிடும். விளங்குதே?" அண்ணன் எழுந்து நின்று, "சரிங்க மிஸ்" என்று தலையாட்டினார். தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும்போது எங்கள் அப்பா துரைக்கு முன்னால் தலையாட்டுவாரே, அதே தலையாட்டல். தோட்ட வேலையே வேண்டாம் என்று பஸ்ஸுக்குப் போன அண்ணனுக்கும் அது எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள் குட்டி. அவளுக்கு இப்போது பள்ளி தேடும் வயது. நான் கொட்டகலைப் பக்கம் ஒரு அரசாங்கத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சொந்தப் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி தேடி அலைகிறேன். என்னோடு வேலை செய்யும் ஆசிரியைகளும் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் ஓய்வறையில் யாரும் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. கொழும்பில் வேலை பார்க்கும் என் கணவர் தொலைபேசியில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், இங்கிலீஷ் இல்லாவிட்டால் பிள்ளை நம்மைப்போலவே கிடந்து சாகவேண்டியதுதான் என்று. அவருக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வாசலில் நிற்பதும், காவலாளியிடம் கெஞ்சுவதும், பளபளக்கும் சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்துப் பார்த்துக் காத்திருப்பதும் நான்தான். ஒரு பள்ளியில் நீச்சல் குளம் கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். இந்தக் குளிரில் எந்தப் பிள்ளை நீந்தப் போகிறது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் வந்துவிட்டேன். எனக்கு உண்மையாகவே அலுத்துவிட்டது.

அண்ணனுக்கு அலுப்பே கிடையாது. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர், இன்றைக்கும்தான். அந்த வேலைக்கென்றே பிறந்த வாய். ஹட்டன் ஸ்டாண்டில் "கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா" என்று அவர் ஒரே மூச்சில் கூப்பிடுவது ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். ஏறுகிறவர்களில் பாதிப்பேரை உறவு சொல்லித்தான் அழைப்பார். பாட்டிமாரிடம் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்பார், புதுசாகக் கல்யாணமான பையன்களைச் சீண்டுவார், சிங்களத்தில் பேசும் ஆசிரியர்களிடம் சிங்களத்திலேயே அரசியல் பேசுவார். பஸ் இடையில் நின்றுபோனால்கூட யாரும் இறங்கிப் போகமாட்டார்கள், அண்ணன் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டிலும் அப்படியேதான் இருந்தார். மகள் பிறந்த புதிதில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் நடந்தபடியே அன்றைக்கு பஸ்ஸில் நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக் கேட்பார்கள். நடக்கத் தெரிவதற்கு முன்பே அவள் "அப்பா கதை" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

அவர் பள்ளி தேர்ந்தெடுத்த விதமும் கண்டக்டருக்கே உரியதுதான். யாரிடமும் விசாரிக்கவில்லை, விளம்பரம் பார்க்கவில்லை. எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் அவர் பஸ்ஸில்தான் ஏறி இறங்கின. ஒரு பள்ளிப் பிள்ளைகள் ஏறும்போதே சீட்டுக்கு அடித்துக்கொள்ளும். இன்னொரு பள்ளிப் பிள்ளைகள் பாவம், உட்கார்ந்ததும் தூங்கிவிடும், வீட்டுப்பாடம் அவ்வளவு. மூன்றாவது பள்ளிப் பிள்ளைகள் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "தேங்க் யூ அங்கிள்" என்று சொல்லிவிட்டு இறங்கும். "நம்மள எவன் அங்கிள்னு கூப்புட்டான் தங்கச்சி? ஏய், டேய், கண்டக்டரு, அவ்வளவுதான். நம்ம புள்ளையும் அப்படி ஒருத்தருக்குத் தேங்க் யூ சொல்லி எறங்கணும்" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தப் பள்ளி. அண்ணி கொழுந்தெடுத்துக் கொண்டுவருவதும் அண்ணன் பஸ்ஸில் கொண்டுவருவதும் அதற்கே போகும் என்று தெரிந்தும், வீட்டில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை லயத்திலிருந்து வெளியே போகவேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய ஆசையும்தான்.

பள்ளி தொடங்கிய பிறகு வீட்டில் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தது அண்ணிதான். அண்ணன் வேலை முடிந்து வருவார், கைகால் கழுவுவார், மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார், தலையைத் தடவுவார். பேச்சு மட்டும் இல்லை. அவள் ஏதாவது கேட்டால் சிரிப்பார். கதை கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். தன்மேல்தான் ஏதோ கோபம் என்று அண்ணி அழுதார். குடிக்க ஆரம்பித்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் அண்ணி பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "என்னங்க இது, புள்ள வாய் ஓயாம கேக்குது, நீங்க ஊமையாட்டம் ஒக்காந்திருக்கீங்க. யாரு மேல கோவம் ஒங்களுக்கு?" அண்ணன் மகள் வெளியே விளையாடப் போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ்ஸு சொன்னாங்கள்ல, வீட்டுல தமிழ் பேசக் கூடாதுன்னு. எனக்கு இங்கிலீசு வராது. அதான் பேசாம இருக்கேன். நம்மளால சொல்லிக் குடுக்கத்தான் முடியாது, கெடுக்காமயாவது இருப்போம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் உண்மையாகவே சொல்கிறார் என்று விளங்கியது.

அண்ணி அதற்கெல்லாம் மசியவில்லை. "மிஸ்ஸு சொல்லுவாங்க, மலையில நின்னு கத்திக் கத்திக் கொழுந்தெடுக்கிறவ நான், வீட்டுக்கு வந்து வாயைத் தச்சுக்க முடியுமா?" என்று அவர் பாட்டுக்கு மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் தமிழ் மிஞ்சியதே அண்ணியால்தான். நானும் அண்ணனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மிஸ் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, எல்லாருக்கும் சொல்கிற வாடிக்கைப் பேச்சு அது என்று. "படிச்சவங்க சும்மா சொல்லுவாங்களா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். அந்த மிஸ்ஸின் மேல் பல வருடம் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது நானும் ஆசிரியையாகி, பெற்றோர் கூட்டத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிறவளாக ஆனபிறகு அந்தக் கோபம் குறைந்துவிட்டது. தான் சொன்னதை எங்கேயோ ஒரு லயத்து வீட்டில் ஒரு மனிதர் சட்டமாக எடுத்துக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருப்பார் என்று அந்த அம்மா கனவிலும் நினைத்திருக்கமாட்டார். எங்கள் ஆட்களுக்குத்தான் அந்தப் பழக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் சொன்னால் அது கட்டளை. கேள்வி கேட்டால் கொடுத்ததைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் எலும்பிலேயே இருக்கிறது.

அண்ணனிடம் இருந்த ஆங்கிலம் எல்லாம் பஸ் ஆங்கிலம். மகள் காலையில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு நின்றால், "ரைட், ரைட்" என்பார். படியில் ஓடினால் "ஹோல்ட்" என்பார். பிறகு யாரிடமோ கேட்டு "ஈட்", "ஸ்லீப்", "குட் கேர்ள்" எல்லாம் சேர்த்துக்கொண்டார். அவள் முதலில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் சிரிப்பை விட்டுவிட்டாள். அப்பாவிடம் எதுவும் கேட்பதையும் விட்டுவிட்டாள். தேவையானதை அம்மாவிடம் சொல்வாள், அம்மா அப்பாவிடம் சொல்வார். அவளைத் தன் பஸ்ஸில் ஏற்றாமல் பள்ளி வேனில் அனுப்பினார் அண்ணன். கண்டக்டர் மகள் என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும் என்பதற்காக என்றுதான் நான் நினைத்தேன். பஸ்ஸில் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது, அதுதான் காரணம் என்று பிறகு அண்ணி சொன்னார்.

ஒருநாள் வேன் வழியில் பழுதாகிவிட்டது. நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன், வந்தது அண்ணனுடைய பஸ். நல்ல கூட்டம். நாங்கள் பின்வாசலால் ஏறிக் கடைசி சீட்டில் ஒடுங்கிக்கொண்டோம், அண்ணன் முன்னால் நின்றார். அவருக்கு நாங்கள் ஏறியது தெரியாது. கொட்டகலை தாண்டியதும் ஒரு கல்யாண வீட்டுக் கூத்தைச் சொல்ல ஆரம்பித்தார், மாப்பிள்ளை வேட்டியோடு தேயிலைக் கான் வாய்க்காலுக்குள் விழுந்த கதை. பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளையாகவும் அவரே பேசினார், மாமியாராகவும் அவரே பேசினார். அண்ணன் மகள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அத்தை, அது நம்ம அப்பாதானே? அப்பாவுக்கு இவ்வளவு பேச வருமா?" என்று கேட்டாள். அவள் அப்பா இயல்பிலேயே பேசாத மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தோளில் கிடந்து கேட்ட கதை ஒன்றுகூட அவள் நினைவில் மிச்சமில்லை.

அன்று நான் அண்ணனிடம் சண்டை போட்டேன். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வருகிறாள், ஆங்கிலம் தண்ணீராக ஓடுகிறது, இனியாவது அவளிடம் வாயைத் திறந்து பேசுங்கள் என்றேன். "கேட்டுருச்சா?" என்றார் முதலில், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர்போல. பிறகு நான் சொன்னதற்குத் தலையாட்டினார். சாப்பிடும்போது மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "சாப்புட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, "ம்" என்றது. அவ்வளவுதான். எத்தனையோ நாள் அதேபோல் உட்கார்ந்து பார்த்தார், "சாப்புட்டியா"வுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. "ஊருல உள்ளவங்ககிட்டல்லாம் பேசுறேன், இதுகிட்ட என்னா பேசுறதுன்னே தெரியல தங்கச்சி. அது இப்ப பெரிய படிப்புக்காரி" என்றார் என்னிடம். நான் தேற்றவில்லை. அந்த வீட்டைப் பார்க்கவே எனக்கு அவ்வளவு அலுப்பு.

அண்ணன் மகள் படித்து முடித்துக் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறாள். அண்ணன் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். லீவில் ரயிலில் வந்து இறங்குவாள், அப்பாவுக்கு சுவெட்டர் வாங்கி வருவாள், அவர் அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் காட்டிவிட்டு வருவார். போன மாதம் அப்படி வந்திருந்தபோது, "நானும் வாறேன் அத்தை" என்று குட்டிக்குப் பள்ளி பார்க்க என்னோடு ஹட்டனுக்கு வந்தாள். புதுக் கட்டடம், புது மிஸ், வயது என்னைவிடக் குறைவு. அண்ணன் மகளும் அவரும் ஆங்கிலத்தில் கடகடவென்று பேசிக்கொண்டார்கள், நான் பாதி விளங்கி உட்கார்ந்திருந்தேன். குட்டியை எடுப்பதாகச் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பி, வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளுங்கள், முழுக்க ஆங்கிலமாக இருந்தால் நல்லது என்று சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் சொன்னார். இது எனக்கு முழுதாக விளங்கியது. என் தலை தானாக ஆடப்போவது எனக்கே தெரிந்தது. அண்ணன் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று ஸ்டாண்டுக்கு வந்தால், அவருடைய பஸ்தான் புறப்பட நின்றது. மாமாவைக் கண்டதும் குட்டிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன் சீட்டில் எங்களை உட்காரவைத்து, பஸ் நகர்ந்ததும் அண்ணன் கம்பியைப் பிடித்தபடி அவளுக்கு சேவல் கதையைச் சொல்லத் தொடங்கினார். முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று பஸ்ஸுக்குள் கட்டவிழ்த்துக்கொண்ட கதை அது. அந்த ரோட்டில் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு தடவையும் சேவல் கொஞ்சம் பெரிதாகும். "இந்தா பறக்குது, அந்தா பறக்குது, நேராப் போயி டிரைவர் தலையில ஏறி நின்னுக்கிச்சு பாரு" என்றபோது குட்டி கைதட்டினாள். அப்போது அண்ணன் என்னைப் பார்த்து, "போன காரியம் என்னாச்சு, ஸ்கூல்ல என்னா சொன்னாங்க?" என்று கேட்டார். "எடுக்கிறாங்களாம். வீட்டுல இங்கிலீஷ்லதான் பேசணுமாம்" என்றேன் நான். சலிப்பில் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அண்ணனுடைய வாய் மூடியிருந்தது.

"அப்புறம் மாமா? சேவலு என்னா செஞ்சிச்சு?" என்றாள் குட்டி. அண்ணன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, எழுந்து போய்ப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. குட்டி விடவில்லை. அண்ணன் மகளின் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, நீங்க சொல்லுங்க, அந்தச் சேவலு என்னா செஞ்சிச்சு?" என்று கேட்டாள். பக்கத்து சீட்டில் கொழுந்துக்காரப் பெண் ஒருவர் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "கேளும்மா, நல்லாக் கேளு. கண்டக்டரு மகளுக்குத் தெரியாத சேவல் கதையா?" என்று சிரித்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அண்ணன் மகள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் முன்னால் நிற்பவருக்குக் கேட்கும். "அப்பா எனக்கு அந்தக் கதையச் சொன்னதே இல்ல."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் திரும்பவில்லை. கொட்டகலை பஜாரில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வாயால் ஒன்றும் சொல்லாமல் பலகையைத் தட்டிப் பஸ்ஸை எடுக்கச் சொன்னார். டிரைவர் வியப்பாகத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனபிறகு அண்ணன் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மகள் வாங்கித்தந்த சுவெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். குட்டி உடனே, "சேவலு டிரைவர் மாமா தலையில ஏறிருச்சு. அப்புறம்?" என்று விட்ட இடத்தை எடுத்துக்கொடுத்தாள்.

"இல்ல குட்டி, இரு. மொதல்லருந்து சொல்றேன்" என்றார் அண்ணன். அவர் பார்த்தது குட்டியை அல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்கித் தலவாக்கலையில நல்ல மழ" என்று தொடங்கினார்.